வழி சொல்லும் மலைகள்

நுழையும்முன்

புதிய நிலத்தில் அடியெடுத்து வைப்பவருக்கு முதலில் தேவைப்படுவது வழி. வழி என்பது தார்ச்சாலை மட்டுமன்று; மலையின் சரிவும் ஆற்றின் ஓட்டமும் காற்றின் திசையும் ஊரின் பெயரும் வழியைச் சொல்லும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பயணி ஆகிறார். தெரியாதவர் வழிப்போக்கராகவே நின்றுவிடுகிறார். மேற்குத்தொடர்ச்சி மலையின் மடியில் அமைந்த தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு நிலத்தைப் படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றுப்படுத்தும் மரபு

வழிகாட்டுவதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள். பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞரை வள்ளலிடம் செல்லும் வழியில் செலுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம், மலைவழிப் பயணத்துக்கான நுட்பமான குறிப்புகளைத் தருகிறது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உடைய இந்நூலை இயற்றியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார்.

அந்நூல் பாடும் மலை நன்னனுடையது. தேனிப் பகுதியைச் சேர்ந்ததன்று. ஆயினும் அது கூறும் எச்சரிக்கைகள் எந்த மலைக்கும் பொருந்துவன. பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் பாறைகள் ஆகியவற்றை அது ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. வழி பிரியும் இடங்களில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறது. பின்னால் வருபவர் வழி தவறக்கூடாது என்னும் அக்கறை இதில் வெளிப்படுகிறது. தான் போய்ச் சேர்வதோடு பயணியின் பொறுப்பு முடிவதில்லை என்பதே இம்மரபின் உட்கருத்து.

இது எரிமலை நிலமா?

ஒரு நிலத்தில் வழி அறிவதற்கு, அந்நிலம் எவ்வாறு உருவானது என்பதை அறிதல் உதவும். கம்பம் பள்ளத்தாக்கை முதன்முறை காண்பவர்களுக்கு, செங்குத்தான மலைச்சுவர்களும் கூர்ந்த முகடுகளும் கருமை படர்ந்த பாறைகளும் ‘இது பழைய எரிமலையாக இருக்குமோ’ என்னும் ஐயத்தை எழுப்புவதுண்டு. இஃது எரிமலை நிலம் அன்று.

எரிமலைக் குழம்பால் உருவான நிலத்தை இந்தியாவில் காண விரும்பினால் தக்காணத்தின் வடமேற்குப் பகுதிக்குச் செல்லவேண்டும். மகாராட்டிரத்தில் மேற்குத்தொடர்ச்சி மலை, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பரவி இறுகிய எரிமலைக் குழம்பால் ஆனது. அதனால் அங்குள்ள மலைகள் படிக்கட்டுகளைப் போலத் தோன்றும். இன்றும் உயிர்ப்போடு உள்ள எரிமலை, அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவில் இருக்கிறது.

தேனியைச் சூழ்ந்த மலைகளோ அவற்றைவிட மிகமிகப் பழமையானவை. நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றைத் தாங்கி நிற்கும் சார்னோக்கைட், நைசு ஆகிய கடும்பாறைகளால் அவை ஆனவை. நிலம் உயர்ந்ததும் பிளவுபட்டதும், மழையும் ஆறும் நெடுங்காலம் அரித்ததும் சேர்ந்து இன்றைய வடிவத்தைத் தந்துள்ளன.

இவ்வேறுபாடு பயணிக்கு எவ்வாறு பயன்படும்? சப்பானின் பியூசி போன்ற எரிமலை, தனித்து உயர்ந்த கூம்பு. எத்திசையிலிருந்து பார்த்தாலும் அதன் உச்சி ஒன்றே. ஆனால் அதன் சரிவில் பிறக்கும் ஓடைகள் நாற்புறமும் பிரிந்து ஓடும். ஆகவே தவறான சரிவில் இறங்கியவர், தாம் எண்ணிய ஊருக்கு நேர் எதிர்ப்புறத்தில் போய்ச் சேரக்கூடும். கம்பம் பள்ளத்தாக்கு இதற்கு மாறானது. இங்கே இருபுறச் சரிவுகளிலிருந்தும் இறங்கும் ஓடைகள் நடுவில் ஓடும் ஓர் ஆற்றை நோக்கியே வருகின்றன. கூம்பு மலை பயணியைச் சிதறடிக்கும்; பள்ளத்தாக்கு ஒன்றுசேர்க்கும்.

தெரிந்து தெளிவோம்

சார்னோக்கைட் என்னும் பாறைப்பெயர், கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜாப் சார்னாக் என்பவரின் பெயரிலிருந்து பிறந்தது. அவருடைய கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது. சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்த புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட், 1893ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டினார்.

இரு சுவர்களும் ஒரு வாயிலும்

தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் என ஐந்து வட்டங்களை உடையது. இதன் நில அமைப்பை ஒரு வீட்டைப் போல மனத்தில் வரைந்துகொள்ளலாம்.

மேற்கே கேரள எல்லையை ஒட்டி ஏலமலை நீண்ட சுவராக நிற்கிறது. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் மற்றொரு சுவராக அமைகின்றன. இவ்விரண்டும் தெற்கே குமுளிப் பக்கத்தில் நெருங்கிவருகின்றன. வடக்கே பழனிமலைத் தொடர் கொடைக்கானலைத் தாங்கி நிற்கிறது. வடகிழக்கில் மட்டும் நிலம் திறந்து மதுரைச் சமவெளியை நோக்கிச் செல்கிறது. அவ்வாயிலை ஒட்டித் தேனி நகரம் அமைந்துள்ளது. மேகமலைக்கு அப்பால், கம்பம் பள்ளத்தாக்குக்கு ஏறத்தாழ இணையாக, வருசநாட்டுப் பள்ளத்தாக்கு உள்ளது. வைகை பிறந்து வடக்கு நோக்கி வருவது அதன் வழியாகத்தான்.

இப்படம் மனத்தில் பதிந்தால் திசைகாட்டும் கருவி இன்றியும் திசை அறியலாம். காலை வெயில் முதலில் மேற்குச் சுவரின் மேல் விழும். மாலையில் கிழக்குச் சுவரே கடைசிவரை ஒளிரும். மேற்கு மலையடியில் உள்ள தேவாரம், கோம்பை போன்ற ஊர்களில் நிழல் முன்னதாகவே படர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு முகட்டின்மேல் மேகம் திரண்டு நிற்கும். அது மலையைக் கடந்து சரிந்து இறங்கும்போது கரைந்துவிடும். முகட்டுக்கு அப்பால் பெருமழை பெய்ய, இப்பால் சாரலும் காற்றுமே வந்துசேரும். காற்று புகும் கணவாய்களுள் ஒன்றாகக் கம்பம் கணவாய் எண்ணப்படுவதற்கும் ஆண்டிபட்டிப் பகுதியில் காற்றாலைகள் சுழல்வதற்கும் இவ்வமைப்பே காரணம்.

நீர் காட்டும் திசை

பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் முல்லைப் பெரியாறே பயணியின் முதல் வழிகாட்டி. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகிய ஊர்களின் வழியே அது வடகிழக்கு நோக்கி ஓடித் தேனிக்கு அப்பால் வைகையோடு கலக்கிறது. போடி மலையில் பிறக்கும் கொட்டகுடி ஆறும் தேனிக்கு அருகில் இதனோடு சேர்கிறது. ஆகவே சமவெளியில் நிற்பவர், நீரின் போக்கைப் பார்த்து ‘இப்பக்கம் தேனி, எதிர்ப்பக்கம் குமுளி’ என்று உறுதியாகக் கூறலாம்.

இந்த ஆற்றுக்கே மனிதர் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தனர் என்பது வியப்புக்குரியது. பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. மலையின் மேற்கே வெள்ளமும் கிழக்கே வறட்சியுமாக இருந்த நிலையில், அந்நீரைத் தேக்கி மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் திட்டம் உருவானது. இதற்கான ஒப்பந்தம் 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே கையெழுத்தானது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய அணைப்பணி 1895இல் நிறைவுற்றது. காட்டாற்று வெள்ளத்தையும் காய்ச்சலையும் எதிர்கொண்டு உழைத்த தொழிலாளர் பலர் அங்கேயே உயிர்நீத்தனர்.

அணையின் நீர் மலையினூடே அமைந்த சுரங்க வழியாக இப்பக்கம் வருகிறது. லோயர் கேம்ப்பில், மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைச் சாலையிலிருந்தே காணலாம். அந்நீர் மின்னாற்றலைத் தந்துவிட்டு ஆற்றில் கலந்து வயலுக்குச் செல்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இந்நீரை நம்பியுள்ளன. இப்பகுதி மக்கள் பென்னிகுயிக்கின் பெயரைத் தம் குழந்தைகளுக்குச் சூட்டுவதும் பொங்கல் நாளில் அவரை நினைந்து வழிபடுவதும் இந்நன்றியின் வெளிப்பாடுகள். லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013ஆம் ஆண்டு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

பயிர்களும் நிலத்தைக் காட்டிக்கொடுக்கும். நெல்லும் தென்னையும் அடர்ந்திருந்தால் ஆறு அருகில் உள்ளது என அறியலாம். ஆற்றிலிருந்து விலகிக் கிணற்றுப் பாசனத்தில் கம்பம் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள் தோன்றும். இத்திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மானாவாரி நிலம் வந்தால் மலையடி நெருங்குகிறது எனலாம். மேலே ஏறினால் காப்பியும் மிளகும் ஏலமும் தேயிலையும் வரும். போடிநாயக்கனூரின் ஏலச்சந்தை அம்மலைப்பயிரின் வணிகத்தால் வளர்ந்தது.

ஊர்ப்பெயரும் ஒரு கைகாட்டி

பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பவர் ஊர்ப்பெயர்களின் ஈறுகளையும் கவனித்தால் நிலத்தின் வரலாறு தெரியும். ‘பட்டி’ என்பது ஆநிரைகளை அடைத்துவைத்த இடத்தைக் குறித்துப் பின்னர்ச் சிற்றூருக்கு ஆயிற்று. ‘தொழு’ என்பதும் மாட்டுத்தொழுவத்தோடு தொடர்புடையது. வருசநாட்டுப் பகுதியில் கோம்பைத்தொழு உள்ளது. ‘பாளையம்’ நாயக்கர் கால ஆட்சிப் பிரிவை நினைவூட்டுகிறது. லோயர் கேம்ப் அருகிலுள்ள பளியன்குடி, மலையின் தொல்குடியினராகிய பளியர் வாழும் இடம்.

இரண்டு சொற்களைப் பயணி கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். ஒன்று, ‘மெட்டு’. மலையேறி அப்புறம் கடக்கும் உச்சியிடத்தை இச்சொல் குறிக்கும். போடிமெட்டு, கம்பம்மெட்டு ஆகியவை இவ்வாறு பெயர் பெற்றன. ‘மெட்டு’ என முடியும் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்தவர், மலைச்சாலைக்கும் குளிருக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும். மற்றொன்று, ‘விலக்கு’. நெடுஞ்சாலையிலிருந்து ஓர் ஊருக்குக் கிளைச்சாலை பிரியும் இடமே விலக்கு. ஊர்ப்பெயரோடு இச்சொல் சேர்ந்து வந்தால் அவ்வூர் இன்னும் வரவில்லை, பிரியும் இடமே வந்துள்ளது என்று பொருள். இதனை அறியாமல் மாலை நேரத்தில் விலக்கில் இறங்கி, ஊரைத் தேடி நிற்பவர் உண்டு.

வழியோரக் கற்களும் பேசும். ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவினர் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலைக் குறிக்கிறது. நடுகல் நிற்கும் வழிகளைச் சங்கப் புலவர் பாடியது வெறுங்கற்பனை அன்று என்பதற்கு இந்நிலம் சான்றாகிறது. உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள், சமணத் துறவியரும் இவ்வழியில் தங்கியதைத் தெரிவிக்கின்றன. கூடலூருக்கு மேலே எல்லை மலையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு, சித்திரை முழுநிலா நாளில் மட்டும் மக்கள் பளியன்குடி வழியாக நடந்து ஏறுகின்றனர்.

சாலைகளின் கட்டமைப்பு

இப்பகுதியின் சாலைகளைத் தேனியை மையமாகக் கொண்டு நினைவில் வைப்பது எளிது.

முதலாவது, பள்ளத்தாக்கின் நெடுகச் செல்லும் சாலை. தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளியை அடையும் இது ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. இரண்டாவது, கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் நெடுஞ்சாலை. அது மூணாற்றிலிருந்து போடிமெட்டு, போடி, தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி வழியாக மதுரைக்குச் செல்கிறது. மூன்றாவது, பெரியகுளம் வழியாக வடக்கே செல்லும் சாலை. கும்பக்கரை அருவிக்குச் செல்வோர் இதில் பயணம் செய்யவேண்டும். நான்காவது, மேற்கு மலையடியை ஒட்டி, போடியிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் செல்லும் சாலை. இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த ஊர் பண்ணைப்புரம்.

மதுரையிலிருந்து போடிக்கு 1928ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இருப்புப்பாதை, அகலப்பாதைப் பணிக்காக நெடுங்காலம் மூடப்பட்டிருந்தது. 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் தொடர்வண்டி மீண்டும் வந்தது. போடிக்கும் மலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறுதொடர்வண்டி மூலம் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடியை அடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அத்தொடர்வண்டிப் பாதையை அழித்துவிட்டது. நிலையம் மறைந்தாலும் டாப் ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் மலைமேல் நிலைத்துவிட்டது.

தொலைவும் உயரமும்

கைப்பேசி வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே கோடு குறுகியதாகத் தெரியலாம். மலைநாட்டில் அக்கோட்டை நம்புதல் கூடாது. கம்பத்தில் நின்றால் மேகமலை கையெட்டும் தொலைவில் தோன்றும். ஆனால் வாகனம் செல்லும் சாலை சின்னமனூரிலிருந்தே மேலேறுகிறது. குரங்கணியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன் தெரியும். வாகனத்தில் செல்பவரோ போடிமெட்டு ஏறி, மூணாறு சென்று, சுற்றி வரவேண்டும். ஆகவே மலைப்பயணத்தைக் கிலோமீட்டரால் கணக்கிடாமல் நேரத்தால் கணக்கிடுவதே முறை.

உயரம் மற்றொரு கணக்கு. கம்பம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும், குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும், மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும். கம்பத்தில் வியர்த்தவர் மேகமலையில் நடுங்குவது இதனால்தான். கொண்டை ஊசி வளைவுகளில், மேலேறி வரும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் வழிவிடவேண்டும் என்பது சாலைவிதி. இறங்கும்போது தடையை மட்டும் நம்பாமல் குறைந்த பற்சக்கர நிலையில் இறங்கவேண்டும்.

முன்பு கூறிய நீர்வழி விதிக்கும் மலையில் ஒரு விலக்கு உண்டு. சமவெளியில் நீரோட்டத்தைப் பின்பற்றலாம். மலையில் வழி தவறியவர் ஓடையைப் பற்றிக் கீழே இறங்குதல் கூடாது. அவ்வோடை அருவியாக வீழும் செங்குத்துப் பாறையில் அவரைக் கொண்டு நிறுத்தக்கூடும். சுருளி, சின்னச்சுருளி, கும்பக்கரை ஆகிய அருவிகளெல்லாம் இத்தகைய விளிம்புகளே. நின்ற இடத்திலேயே நின்று, ஒலியெழுப்பி, உதவி வரும்வரை காத்திருப்பதே பாதுகாப்பானது. அருவியில் குளிக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மிகுந்தாலும் உடனே கரையேறவேண்டும். தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்போதும் மலையுச்சியில் மழை பெய்திருக்கலாம்.

குரங்கணி உணர்த்தும் பாடம்

வழியறியாமை உயிரைப் பறிக்கும் என்பதை 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தமிழகம் துயரத்தோடு உணர்ந்தது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இளைஞர்களும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இயற்கையைக் காணும் விருப்பத்தோடு சென்றவர்கள் அவர்கள். விருப்பம் மட்டும் போதாது. காலமும் இடமும் அறிதல் வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

மாசி முதல் சித்திரை வரையிலான மாதங்களில் மலைப்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நிற்கும். ஒரு பொறி போதும். சமவெளித் தீயைவிடச் சரிவில் மேல்நோக்கிச் செல்லும் தீ விரைவானது. கீழிருந்து எழும் வெப்பம் மேலுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுகிறது. எனவே தீயைக் கண்டால் புல்வெளியினூடே மேல்நோக்கி ஓடுதல் கூடாது. வெறும்பாறை, நீர்நிலை, ஏற்கெனவே எரிந்து தணிந்த இடம் ஆகியவற்றை நாடவேண்டும். இவ்விடங்கள் எங்கே உள்ளன என்பதை உள்ளூர் வழிகாட்டியே அறிவார்.

இத்துயரத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை 2018இல் வகுத்தது. 2024ஆம் ஆண்டு, அனுமதிக்கப்பட்ட 40 மலையேற்றப் பாதைகளைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் வனத்துறை திறந்தது. திருவில்லிபுத்தூர் – மேகமலைப் பகுதி 2021ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே யானைக்கும் புலிக்கும் உரிய வழிகளில் நாம் விருந்தினர். அனுமதியின்றி நுழைவது குற்றம். அதைவிட, தன்னையும் தன்னைத் தேடி வருபவரையும் இடருக்கு உள்ளாக்கும் செயல்.

பின்வருபவர்க்கும் வழி

புறப்படும்முன் செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்லுதல், பொழுது சாயும்முன் மலையிறங்குதல், சோதனைச்சாவடியில் மெய்யான விவரங்களைத் தருதல், நெகிழிப் பொருள்களைக் காட்டில் விடாமை, தீ மூட்டாமை ஆகியவை எளிய கடமைகள். கைப்பேசியின் அலைவரிசை மலைமடிப்பில் அற்றுப்போகும். அங்கே தேநீர்க்கடைக்காரரும் ஆடு மேய்ப்பவரும் பேருந்து நடத்துநரும் தோட்டத் தொழிலாளரும் சொல்லும் சொல்லே வழிகாட்டும். “மேலே மழை இறங்குது, இப்பப் போக வேண்டாம்” என்று அவர்கள் சொன்னால், அது வாழ்நாள் முழுவதும் அம்மலையைப் படித்தவரின் முடிவு.

மலைபடுகடாம் காட்டும் கூத்தர் புல்லை முடிந்து பின்வருபவர்க்கு வழி சொன்னார்கள். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மலையைக் குடைந்து வந்த நீர், பின்வந்த தலைமுறைகளின் வயலுக்கு வழி சொல்லி வருகிறது. நிலத்தைப் படித்து, அதனைச் சிதைக்காமல் கடந்து, அறிந்ததை அடுத்தவர்க்குச் சொல்பவரே இன்றைய ஆற்றுப்படையின் ஆசிரியர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரைச் சூழ்ந்த மலை, குன்று, ஆறு, ஏரி ஆகியவற்றைக் குறித்து, அலைபேசியின் துணையின்றி ஒரு வழிப்படம் வரைக.

2. உங்கள் பகுதி ஊர்ப்பெயர்களின் ஈறுகளைத் தொகுத்து, அவை உணர்த்தும் நில அமைப்பையும் வரலாற்றையும் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊருக்குப் புதிதாக வரும் நண்பருக்கு வழியும் எச்சரிக்கையும் கூறும் ‘ஆற்றுப்படை’ ஒன்றை உரைநடையில் எழுதுக.

4. ‘மலைச்சுற்றுலாவும் மலையின் பாதுகாப்பும்’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.